மூன்றாம் நாள் போகிறவள்

பிரிஸ்பேனில் என் கணவர் காரில் அடிபட்டுக் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு நர்ஸ் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தாள். விபத்தில் அடிபட்டவர்களிடம் வக்கீல்களோ, வக்கீல்களுக்காக வேறு யாருமோ ஆஸ்பத்திரிக்கு வந்து வழக்குக் கேட்கக் கூடாது, இந்த மாநிலத்தில் அது குற்றம், அப்படி யாராவது கட்டில் பக்கம் வந்து நின்றால் உடனே சொல்லவேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம் இல்லையா என்று நர்ஸ் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் அந்தப் பக்கம் போனதும் தாளைக் கசக்கிக் கைப்பைக்குள் திணித்தேன். எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

யார் மேல் என்று கேட்டால் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. பிஜியில், பா ஊரில், நான் நான்கு வருஷம் அந்த வேலையைத்தான் செய்தேன். வழக்குப் பிடிக்கிற வேலை. ஆள் பிடிக்கிற வேலை என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

சம்பளப் புத்தகத்தில் டைப்பிஸ்ட் என்று போட்டிருந்தது. கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மாடியில் ஆபீஸ். கரும்பு அரவை தொடங்கிவிட்டால் மில்லிலிருந்து கரித்தூள் பறந்து வந்து டைப்ரைட்டர் மேல் உட்காரும். காலையில் போனதும் அதைத் துடைப்பேன். துடைத்த கையோடு ரேடியோவைத் திருப்புவேன். அதுதான் என் முதல் வேலை. அந்தக் காலத்தில் பிஜியில் யார் செத்தாலும் ரேடியோவின் இந்தி நிகழ்ச்சியில்தான் ஊருக்குத் தெரியும். இறந்தவர் பெயர், எந்த ஊர், யாருக்கு மகன், யாருக்கு மச்சான், எந்த நேரத்துக்கு எந்தச் சுடுகாடு என்று சோகமான ஒரு இசைக்குப் பிறகு வரிசையாக வாசிப்பார்கள். மற்ற வீடுகளில் அதைக் கேட்டு உச்சுக் கொட்டுவார்கள். நான் பென்சில் வைத்துக்கொண்டு எழுதுவேன்.

எல்லாச் சாவும் எங்களுக்கு வேண்டாம். எது வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. நோயில் போனவர் என்றால் அறிவிப்பிலேயே டாக்டருக்கும் நர்சுக்கும் நன்றி சொல்வார்கள். அதைத் தள்ளிவிடலாம். வயது குறைவாக இருந்து, நன்றியும் இல்லாமல், செத்த நாளுக்கும் எரிக்கிற நாளுக்கும் நடுவே ஒரு நாள் கூடுதலாக இருந்தால் போலீஸ் டாக்டர் உடம்பை அறுத்துப் பார்க்கிறார் என்று அர்த்தம். அப்படியென்றால் ஒன்று தூக்கு மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லை ரோட்டில் அடிபட்டிருக்க வேண்டும். அதில் எது என்று கேரியர் ஸ்டாண்டில், அதாவது ஆள் ஏற்றுகிற சின்ன லாரிகள் நிற்கிற இடத்தில், இரண்டு டிரைவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் தெரிந்துவிடும். வக்கீல் பத்து மணிக்கு வரும்போது அவர் மேஜையில் சீட்டு தயாராக இருக்கும். அவர் காபி குடித்துக்கொண்டே அதைப் படிப்பார். கெட்டிக்காரி என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தி பேசுகிற வீடுகளுக்கு ஆபீசில் இன்னொரு குமாஸ்தா போவார். துக்க வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து நங்கோனா என்கிற வேர்ச்சாறு குடிப்பார்களே, அதில் போய் அவரும் ஒரு கொட்டாங்கச்சி வாங்கிக் குடித்துவிட்டு மெதுவாகப் பேச்சை எடுப்பார். மதராசி என்று சொல்கிற எங்கள் தமிழ் வீடுகளில் அது பலிக்கவில்லை. அங்கே என்னை அனுப்பினார் வக்கீல். எங்கள் பக்கத்தில் இளசுகள் எல்லாம் எப்போதோ இந்திக்குப் போய்விட்டார்கள். தமிழ் என்பது கோயிலிலும், பெரியவர்கள் வாயிலும், துக்க வீட்டிலும் மட்டும்தான் மிச்சம். என் அப்பா பகலில் கரும்பு வெட்டிவிட்டுச் சாயங்காலத்தில் கோயில் கொட்டகையில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்தவர். அதனால் எனக்கு நாக்கு வளைந்தது. துக்க வீட்டில் வந்து தமிழ் பேசுகிறவள் யாராக இருந்தாலும் எங்கள் ஆட்களுக்குச் சொந்தக்காரிதான். எந்த வழியில் சொந்தம் என்று கேட்கமாட்டார்கள். கேட்பது மரியாதை இல்லை.

வக்கீல் இன்னொன்றும் கண்டுபிடித்து வைத்திருந்தார். எரித்த மூன்றாம் நாள் காடாற்று. எலும்பும் சாம்பலும் எடுத்துக்கொண்டு ஆண்கள் எல்லாரும் கேரியரில் ஏறி ஆற்றுமுகத்துக்குப் போய்விடுவார்கள். குளித்து, கரைத்து, திரும்பி வர மதியம் தாண்டிவிடும். அதுவரை வீட்டில் பெண்கள் மட்டும். மச்சான், மாமன், தம்பி என்று நூறு கேள்வி கேட்கிறவன் ஒருத்தனும் இருக்கமாட்டான். "மூணாம் நாள் காலையில போ, அதுக்கு முன்னால போகாதே, பின்னாலயும் போகாதே" என்று அவர் இந்தியில் சொல்வார். எங்கள் சடங்கு எதற்கும் வராத மனிதர். ஒரு துக்க வீட்டின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் காடாற்று என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

அப்படி நான் போன வீடுகளில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லவேண்டும். மற்ற வீடுகளில் ஏதோ கிடைத்தது, கேஸ் முடிந்தது, என்னைப் பார்த்தால் சிரிப்பார்கள். இந்த ஒன்று அப்படி இல்லை.

எண்பத்தாறு நவம்பரில், அரவை இன்னும் ஓடிக்கொண்டிருந்தபோது, தவுவா ரோட்டு வளைவில் ஒரு கரும்பு லாரி எதிரே வந்த கேரியரில் மோதியது. கேரியரின் பின்பக்கம் பலகையில் உட்கார்ந்திருந்த ஒருவர் அங்கேயே இறந்துவிட்டார். மூன்று பெண் பிள்ளைகள். எரித்த மூன்றாம் நாள் காலை நான் பஸ் பிடித்துப் போனேன். அவர் அண்ணன் வீட்டை ஒட்டிச் சாய்ப்பாகத் தகரம் இறக்கி, அதில்தான் குடும்பம் இருந்தது. பாயில் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். நடுவில் அவர் மனைவி. முப்பத்தெட்டு வயது இருக்கும். நான் முழங்காலிட்டு உட்கார்ந்து அவள் கையைப் பிடித்து அழுதேன். நடிப்பு இல்லை, எனக்கு அழுகை வரும். அதுவும் வக்கீலுக்கு வசதியாகத்தான் இருந்தது.

நான் யார் என்று பக்கத்திலிருந்த ஒருத்தி கேட்டாள். அப்பா பேரைச் சொன்னேன்.

நடுவில் இருந்த அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "வாத்தியார் மவளா நீ? ஒங்கப்பாகிட்டதான் நான் எழுத்து படிச்சேன் தங்கச்சி. ரெண்டு வருசம். அப்பறம் கரும்புக் காட்டு வேலைக்கு நிறுத்திட்டாங்க."

அதோடு எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. "அக்கா, இந்த நேரத்துல பேசக் கூடாதுதான். ஆனா லாரிக்காரரு ஆளு வந்து ஏதாச்சும் கையில குடுத்து, எல்லாம் முடிஞ்சிதுன்னு கையெழுத்து வாங்கிட்டுப் போயிருவாங்க. அதுக்கு முன்னால நம்ம வக்கீல்கிட்ட பேப்பர் இருந்தா ஒங்களுக்கு நல்லது," என்றேன். இதில் பொய் இல்லை. லாரிக்கார முதலாளிகள் அப்படித்தான் செய்வார்கள். முதல் ஆளாக வந்து ஏமாற்றுகிறவன் ஒருத்தன் இருக்கிறான் என்று சொல்லி அவனுக்கு முன்னால் நாம் போய் உட்கார்ந்துகொள்வதுதான் இந்தத் தொழில். எங்கள் வக்கீல் வழக்கை நடத்தலாம் என்கிற தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இதுல கையெழுத்து போட்டா வீடு கட்ட முடியுமா?" என்று கேட்டாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம் தங்கச்சி. இவரு இருக்கவரைக்கும் சரி. இனிமே இவங்க வீட்டு சொவத்துல ஒட்டிக்கிட்டு நானும் மூணு பொண்ணும் இருக்க முடியாது. தனியா ஒரு வீடு. ரெண்டு ரூம்பு போதும்."

"முடியும் அக்கா," என்றேன். அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

அவள் பேனாவை வாங்கித் தன் பேரைத் தமிழில் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தாக, சிலேட்டில் எழுதுகிற மாதிரி அழுத்தி எழுதினாள். ஆபீசில் வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, கோழி கிளறி வைத்திருக்கிறதே என்று சிரித்தார். கீழே ஆங்கிலத்தில் அவள் பேரை எழுதி, சாட்சி என்று என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

இப்படி வழக்குத் தேடிப் போவது சரியில்லை என்று எனக்கு அப்போது தெரியாதா என்றால், தெரியும். ஒரு நாள் சட்டப் புத்தகங்களைத் தூசி தட்டும்போது ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். வக்கீல் ஆள் வைத்து வழக்குத் தேடக் கூடாது என்று அதில் தெளிவாகவே இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். சின்ன வயசு, கொஞ்சம் துணிச்சல் இருந்தது. அவர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் எங்கே போனேன்? நீதானே போனே," என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

மறுவருஷம் மே மாதம், எங்கள் இந்திய ஆட்கள் நிறைய இருந்த அரசாங்கத்தைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் கடைகள் பலகை அடித்து மூடின. செப்டம்பரில் மறுபடி ஒருமுறை பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடக் கூடாது, வேலை செய்யக் கூடாது என்றார்கள். கோர்ட்டில் எந்த நீதிபதி இருக்கிறார், எவர் போய்விட்டார் என்று ஒரு நாளைக்கு ஒரு செய்தி வந்தது. படித்தவர்கள் முதலில் பெட்டி கட்டினார்கள். டாக்டர்கள், கணக்கர்கள், வாத்தியார்கள் என்று வாரத்துக்கு ஒரு குடும்பம் நாந்தி விமான நிலையத்துக்குப் போனது. எங்கள் வக்கீல் அதில் முன்வரிசை. ஒரு நாள் காலையில் வந்தார், சுவரில் மாட்டியிருந்த பட்டங்களை இறக்கிப் பழைய செய்தித்தாளில் சுற்றச் சொன்னார். கேஸ்களை எல்லாம் ஒரு நண்பர் பார்த்துக்கொள்வார் என்றார். அந்த நண்பர் ஒரு நாளும் வரவில்லை. நான் கட்டிக்கொடுத்த பெட்டியோடு வக்கீல் பிரிஸ்பேனுக்குக் கம்பி நீட்டிவிட்டார். கேஸ் கட்டுகளைத் துணிக்கடைக்காரர் பின்பக்கக் கிடங்கில் தள்ளிவிட்டு, மாடியை வீடியோ கேசட் வாடகைக்கு விடுகிறவனுக்குக் கொடுத்தார்.

அந்த அக்கா மார்க்கெட்டில் உட்கார ஆரம்பித்திருந்தாள். கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் நிலம் புருஷனின் அண்ணன் கைக்குப் போய்விட்டது. சாய்ப்புக்குப் பின்னால் இருந்த கையகலத் தோட்டத்தில் மிளகாயும் கொத்தமல்லியும் போட்டு, சனிக்கிழமை தோறும் பா மார்க்கெட்டில் குவியல் குவியலாக வைத்து விற்றாள். எனக்குக் கல்யாணம் ஆகி, கையில் குழந்தை. காய் வாங்கப் போகும்போதெல்லாம் கேட்பாள்.

"கேசு என்னாச்சி தங்கச்சி?"

"நடக்குது அக்கா. கோட்டுல இப்பதான் எல்லாம் சரியாவுது. அவரு கூட்டாளி பாத்துக்கறாரு."

"சரி. தகரம் வெல ஏறிக்கிட்டே போவுது, அதான் கேட்டேன்."

இரண்டு வருஷம் இப்படிச் சொன்னேன். நடக்கிறதா என்று எனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் மெனக்கெடவில்லை. அந்த நேரத்தில் எல்லாருக்கும் எல்லாமே நின்றுபோயிருந்தது. அந்தப் பொதுச் சாக்கில் என் சோம்பலும் சேர்ந்து ஒளிந்துகொண்டது.

இதற்கு நடுவில் ஒரு நாள் எங்கள் வீட்டுக் கூரையில் யாரோ கல் எறிந்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் ஒருத்தன் நின்றான். சட்டையில் இரண்டு பேனா, கையில் ரெக்சின் பை. கல் விழுந்ததைக் கேள்விப்பட்டானாம், ரொம்ப வருத்தமாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, எங்கே வேண்டுமானாலும் விசா வாங்கித் தருகிறானாம், இப்போதே கையெழுத்துப் போட்டால் வரிசையில் முன்னால் வைப்பானாம். அவன் பேசப் பேச எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல் விழுந்த வீடுகளை எவளோ ஒருத்தி அவனுக்குச் சீட்டில் எழுதிக்கொடுத்திருப்பாள். குழந்தையைக் குளிப்பாட்டி வைத்திருந்த தண்ணீரை அவன் கால்மேலேயே ஊற்றி விரட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். என்னை யாரும் அப்படி விரட்டியதில்லை என்பது அன்று சாயங்காலம் முழுக்க மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

விரட்டினேனே தவிர, விண்ணப்பம் நாங்களும் போட்டோம். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். தலைநகர் சுவாவுக்கு நாலு தடவை பஸ்ஸில் போய் அவரே வரிசையில் நின்று போட்டார். வேலை பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். என் சம்பளப் புத்தகம் அந்தக் கிடங்கில்தான் இருக்கவேண்டும் என்று துணிக்கடைக்காரரிடம் சாவி வாங்கிக்கொண்டு போனேன். தொண்ணூறாம் வருஷம் ஆரம்பம் அது. எலிப்புழுக்கையும் கரையானுமாக இருந்த அந்தக் குவியலில் சம்பளப் புத்தகம் கிடைத்தது. அதற்குக் கீழேயே அக்காவின் கட்டும் கிடைத்தது.

கட்டு என்று சொல்லவே கூசுகிறது. அதற்குள் மூன்று தாள்தான். நான் ரேடியோவில் கேட்டு எழுதிய சீட்டு ஒன்று, விபத்துச் செய்தி வந்த பேப்பர் துண்டு ஒன்று, அவள் தமிழில் கையெழுத்துப் போட்டு நான் சாட்சி போட்ட தாள் ஒன்று. கோர்ட்டுக்கு ஒரு வரி போகவில்லை. விபத்து நடந்து மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போடவேண்டும் என்பது நாலு வருஷம் டைப் அடித்த எனக்கு மனப்பாடம். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கெடு முடிந்து எட்டு வாரம் ஆகியிருந்தது. அந்த எட்டு வாரத்தில் எட்டு சனிக்கிழமை நான் அவளிடம் மிளகாய் வாங்கியிருக்கிறேன்.

பக்கத்து நகரமான லௌட்டோகாவில் நாட்டை விட்டுப் போகாத வயதான வக்கீல் ஒருவர் இருந்தார். சிடுமூஞ்சி என்று பேர். கட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் மூன்று தாளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்தச் சாட்சிக் கையெழுத்து யாருது?"

"என்னுது."

"தேதியப் பாத்தா எரிச்ச மூணாம் நாள். இவ ஆபீசுக்கு வந்தாளா?"

"இல்லை. நான் போனேன்."

அவர் மூன்று தாளையும் மேஜைமேல் அடுக்கி வைத்தார். அப்புறம் ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார். கெடு தாண்டி வழக்குப் போட நீதிபதியிடம் அனுமதி கேட்கலாம். இந்தப் பெண் மேல் தப்பில்லை, துக்கத்தில் இருந்தவளிடம் வீடு தேடிப்போய்க் கையெழுத்து வாங்கி, கேஸ் நடக்கிறது என்று ஏமாற்றி உட்காரவைத்தார்கள் என்று நிரூபிக்கவேண்டும். அவளுக்கு எதுவும் தெரியாது. அந்த வக்கீல் இல்லை. போனவள் நான்தான். நான் அபிடவிட் எழுதிக் கொடுத்து, கோர்ட்டில் நின்று பதில் சொன்னால் நீதிபதி மனசு வைக்கலாம். தாமதிக்கக் கூடாது.

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன்," என்றார். "அவரு ஆள் அனுப்புனது குத்தம். கூலிக்குப் போன நீயும் அதுல இருக்கே. அவரு பிரிஸ்பேன்ல இருக்காரு, அவரை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. கைக்கு எட்டற தூரத்துல நீதான் இருக்கே. எதிர்க்கட்சி வக்கீல் சும்மா விடமாட்டான், போலீசுக்கு எழுதிப்போடுவான்."

அன்றைக்கு என் கைப்பையில் இன்னொரு தாளும் இருந்தது. ஆஸ்திரேலிய விசாவுக்காகப் போலீசில் நற்சான்று கேட்கிற விண்ணப்பம். அதே தெருவில் நாலு கட்டடம் தள்ளிப் போலீஸ் ஸ்டேஷன். அதைக் கொடுத்துவிட்டு வரத்தான் என் கணவர் பஸ் காசு தந்திருந்தார். சிடுமூஞ்சியிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் ஏதோ புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார். தெருவில் இறங்கி நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் திட்டவில்லை. "அங்க போயிட்டு எழுதி அனுப்பிடு. யாரு வேணாங்கறா," என்றார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். சிடுமூஞ்சிக்குப் போன் போட்டுக் கேட்டேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு எழுதுகிற தாளுக்கு மதிப்பில்லை, குறுக்கு விசாரணைக்கு ஆள் நிற்கவேண்டும், இப்போதே என்றார். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். அடுத்த வாரம், அதற்கு அடுத்த வாரம் என்று போனது. ஒவ்வொரு காலையும் இன்று போய்ப் போட்டுவிடவேண்டும் என்று எழுந்திருப்பேன். குழந்தைக்குச் சோறு ஊட்டி முடிக்கும்போது அது நாளைக்கு என்று ஆகிவிடும். நற்சான்று வந்தது. என் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று முத்திரை குத்தி அரசாங்கமே எழுதிக்கொடுத்தது. பிறகு விசா வந்தது. பிறகு டிக்கெட்.

கூரையில் கல் விழுந்தது, குழந்தை இருந்தது, எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள் என்றெல்லாம் எனக்கு நானே நிறையச் சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். துக்க வீட்டில் நான் சொன்னவையும் உண்மைதான். எனக்கு உண்மை பேசி ஏமாற்றப் பழக்கமாகிவிட்டிருந்தது, கடைசியில் ஏமாற்ற வேறு ஆள் இல்லாமல் என்னையே பிடித்துக்கொண்டேன்.

பிரிஸ்பேன் நர்ஸ் கொடுத்த தாளில் எவ்வளவு அபராதம், எந்தப் பிரிவு என்று எல்லாம் போட்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் அந்தச் சட்டம் நன்றாகத்தான் காவல் நிற்கிறது. பாயில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்து அழுகிறவளை அது எப்படி அடையாளம் கண்டுபிடிக்கும் என்றுதான் எனக்குப் புரியவில்லை. எங்கள் பழைய வக்கீல் இதே ஊரில் பெரிய வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். கோயில் திருவிழாவில் முன்வரிசையில் உட்காருவார். ஒருமுறை என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்கு மேல் நான் ஒன்றும் கிழித்துவிடவில்லை.

கிளம்புவதற்கு முந்திய சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். அவளிடம் ஏதாவது சொல்லாமல் போக மனசு கேட்கவில்லை. அக்கா மிளகாயைக் குவியலாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பலகையில் உட்கார்ந்து, ஆஸ்திரேலியாவுக்குப் போகிறேன் என்று முதலில் சொன்னேன். வக்கீல் கேசே போடவில்லை, அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டார், கெடு தாண்டிவிட்டது, கட்டை நானே கண்ணால் பார்த்தேன் என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. இரண்டு குவியல் வைத்து முடித்தபிறகு, "அப்ப வீடு இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல அக்கா."

"வேற வழி ஏதாச்சும் இருக்குதா? நீ படிச்சவ. யார்கிட்டயாச்சும் கேட்டுப் பாத்தியா?"

கேட்டேன், இருக்கிறது, லௌட்டோகாவில் ஒருத்தர் இருக்கிறார், நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. விமானத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

"கேட்டேன் அக்கா. ஒண்ணும் இல்லன்னுட்டாங்க."

அவள் தலையாட்டினாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். என் முழங்கால்மேல் கையை வைத்து, எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"நீ என்ன பண்ணுவே தங்கச்சி. அவன் பண்ணுன பாவம் அவனுக்கு. நம்ம ஆளுங்க எத்தன பேரு இருந்தாங்க, யாரு வந்து எட்டிப் பாத்தா? மூணாம் நாளு நீ ஒருத்திதான் வந்தே. இத்தன வருசமா கேசு கேசுன்னு எனக்காவ அலைஞ்சிட்டும் இருக்கே."

பிறகு ஒரு பெரிய குவியலை அப்படியே அள்ளிச் செய்தித்தாளில் சுற்றி என் பையில் போட்டாள். காசு எடுத்தேன். "ஊருக்குப் போற பொண்ணுகிட்ட காசு வாங்குவாங்களா," என்று கையைத் தட்டிவிட்டாள்.

ஆஸ்திரேலியாவுக்குள் மிளகாய் கொண்டுபோக விடமாட்டார்கள். இருந்த நாலு நாளும் அதைப் போட்டுத்தான் சமைத்தேன். நல்ல காரம். ஒன்றைக்கூட வீணாக்காமல் சாப்பிட்டோம்.